கொசு மருந்துக்கு முன்னால் கேட்டைத் திறந்துவிடுங்கள்

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை சிப்காட் வளாகங்களிலும், கவரைப்பேட்டை தொடங்கி எளாவூர், ஆரம்பாக்கம் வரை நெடுஞ்சாலையை ஒட்டிய ஆலைகளிலும் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், பாதுகாப்பு அலுவலர்களுக்கும், மனிதவளப் பிரிவினருக்கும் எழுதுவது.

நான் திருவள்ளூர் மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நோட்டீஸ் கொடுக்கவோ அபராதம் போடவோ இப்போது எனக்கு அதிகாரம் கிடையாது. அதனால் இந்தக் கடிதத்தைப் பதற்றமில்லாமல் படிக்கலாம்.

உங்கள் ஆலைகளில் வேலை செய்யும் தெரிந்தவர்கள் கொஞ்ச காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், நானோ டெக்னாலஜியில வேப்பெண்ணெய் வந்திருக்காமே, கொசுப்புழுவுக்கு? கெமிக்கலே இல்லையாம். சி.எஸ்.ஆர். பணத்துல வாங்கி நம்ம பிளான்ட்டுக்கும் போட்டுட்டு, பக்கத்து ஊருக்கும் கொடுத்துடலாமா?" நல்ல எண்ணத்தில் கேட்கிற கேள்வி. வாங்கலாம், வாங்கக் கூடாது என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டால் அவர்களுக்கும் பயன் இல்லை, எனக்கும் மனசு ஆறாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், விஷயம் கட்டுக்கதை இல்லை. வேலூர் வி.ஐ.டி.யில் நடராஜன் சந்திரசேகரன், அமிதவ முகர்ஜி ஆகியோரின் குழு இதில் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறது. வேப்பெண்ணெய் பற்றிய அவர்களுடைய ஆய்வு 2012-ல் வெளிவந்தது. வெறும் வேப்பெண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். மேலே மிதக்கும், காற்றடித்தால் ஒரு மூலைக்கு ஒதுங்கும், வெயில் பட்டால் வீரியம் போகும். அடித்தண்ணீரில் மேய்கிற புழுவுக்கு அது சரியாகப் போய்ச் சேராது. வேலூர்க்காரர்கள் அந்த எண்ணெயோடு ட்வீன் 20 என்ற குழம்பாக்கியைச் சேர்த்து, காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் உடைத்து, துளிகளைச் சின்னதாக்கினார்கள். பினாயிலைத் தண்ணீரில் ஊற்றினால் வெள்ளை வெளேரென்று ஆகிறதே, அது துளிகள் பெரிதாக இருந்து ஒளியைச் சிதறடிப்பதால். வேலூரில் கிடைத்த மிகச் சிறிய துளி 31 நானோமீட்டர். ஒளியலையைவிடப் பல மடங்கு சிறியது. அந்த அளவுக்கு இறங்கிவிட்டால் எண்ணெய் கலந்த தண்ணீரும் தெளிவாகவே தெரியும். எண்ணெயும் மேலே ஒதுங்காமல் தண்ணீர் முழுக்கப் பரவி நிற்கும்.

இனி எண்கள். பொறியாளர்களான உங்களுக்கு அதுதான் பிடிக்கும். சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸின் புழுக்களில் பாதியைக் கொல்ல, 251 நானோமீட்டர் துளியாக இருந்தபோது லிட்டருக்கு 62.89 மில்லிகிராம் தேவைப்பட்டது. துளியை 93-க்குக் குறைத்தபோது 25.99 மில்லிகிராம். 31-க்கு இறக்கியபோது 11.75 மில்லிகிராம் போதும். துளியின் குறுக்களவு எட்டில் ஒரு பங்கானால், அதே எண்ணெய்க்குப் புழுவின் மேல் படுகிற பரப்பு எட்டு மடங்காகும். கொல்லும் திறன் ஐந்து மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. கணக்கு ஓரளவு ஒத்துப்போகிறது. இதே குழு யூகலிப்டஸ் எண்ணெயையும் இப்படிச் செய்து 2014-ல் வெளியிட்டது. அதில் மதுரையில் இருந்த ஐ.சி.எம்.ஆர். மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தின் பி.கே. தியாகியும் சேர்ந்திருந்தார். ஆக, வெறும் வேதியியல் ஆர்வம் மட்டும் இல்லை, கொசுவை அறிந்தவர்களும் கூட இருந்திருக்கிறார்கள்.

விற்க வருகிறவர் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வார். நீங்கள் நிறுத்தக் கூடாது.

அந்த 31 நானோமீட்டர் துளி சும்மா வரவில்லை. ஒரு பங்கு எண்ணெய்க்கு மூன்று பங்கு ட்வீன் 20 போட்டபிறகு வந்தது. பெரிய துளிக்கு 0.3 பங்கே போதுமாக இருந்தது. அதாவது பாட்டிலில் எண்ணெயைவிடக் குழம்பாக்கிதான் அதிகம். ட்வீன் 20 பயங்கரமான பொருள் ஒன்றும் இல்லை, அழகு சாதனங்களில்கூடப் போடுகிறார்கள். ஆனால் "நூறு சதவீதம் இயற்கை" என்று லேபிள் ஒட்டினால் சிரித்துவிட்டுப் பில்லைத் திருப்பிக் கொடுங்கள். இன்னொன்று, மேலே சொன்ன எண்கள் பாதிப் புழு சாவதற்கான அளவு. மீதிப் பாதி கொசுவாகிப் பறக்கும். உங்கள் தீயணைப்புத் தொட்டி 50,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிப் புழுவைக் கொல்லவே ஏறக்குறைய 590 கிராம் எண்ணெயும் 1.7 கிலோவுக்கு மேல் குழம்பாக்கியும் வேண்டும். அரசு பயன்படுத்துகிற அபேட் மருந்து, அதாவது டெமிஃபாஸ், லிட்டருக்கு 1 மில்லிகிராம் போட்டால் போதும். 50 சதவீதக் கரைசலில் அதே தொட்டிக்கு 100 மில்லி. வேம்புக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும். அதில் உள்ள அசாடிராக்டின் புழுவைச் சட்டை உரிக்க விடாமல் தடுத்து மெதுவாகக் கொல்லும் சரக்கு. முதல் நாள் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அதன் முழு வேலை தெரியாது. அபேட்டுக்கும் குறை உண்டு. பிரேசில் போன்ற நாடுகளில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்கள் அதற்குப் பழகிவிட்டன. அதன் வாடை பிடிக்காமல் தொட்டியை உடனே கழுவிவிடும் வீடுகளை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். மாற்று தேவைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், நானோ என்ற பேச்சே இல்லாமல் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தார் 2009-ல் ஒரு வேப்பெண்ணெய்க் குழம்பைச் சோதித்தார்கள். அதில் மலேரியா பரப்பும் அனாபெலிஸ், கியூலெக்ஸ், ஏடிஸ் மூன்றின் புழுக்களிலும் பாதியைக் கொல்ல 1.6 முதல் 1.8 பி.பி.எம். போதுமாக இருந்தது. பி.பி.எம். என்றாலும் லிட்டருக்கு மில்லிகிராம் என்றாலும் இங்கே ஒன்றுதான். தயாரிப்பும் சோதித்த விதமும் வேறு என்பதால் இரண்டையும் தராசில் வைத்து ஒன்று பெரிது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒன்று புரியும். நானோ என்ற சொல்லுக்குக் கூடுதல் விலை கொடுக்குமுன், என்ன எண்ணெய், என்ன குழம்பாக்கி, எந்தக் கொசு, எந்தத் தண்ணீர், எத்தனை நாள் என்று கேட்க வேண்டும். வெள்ளி நானோ துகள் என்று யாராவது கொண்டுவந்தால் இன்னும் கவனமாக இருங்கள். எண்ணெய்த் துளி சிதைந்து போகும். வெள்ளி உலோகம் அப்படிப் போகாது, உங்கள் கழிவுநீரோடு பழவேற்காடு ஏரிப் பக்கம் போய்ச் சேரும்.

கண்ணாடிப் பாத்திரத்தில் 25 புழுவை விட்டு 24 மணி நேரம் பார்ப்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை. சோதனை அங்கேதான் தொடங்க வேண்டும், அங்கேயே நின்றுவிட்டால் பயன் இல்லை. வேம்பு நம் மண்ணில் வயலில் இறங்கி நின்று காட்டிய ஒரு கதை இருக்கிறது. மதுரை மையத்தில் ரேச்சல் ரூபனும் கூட்டாளிகளும் 1990-களின் தொடக்கத்தில், மூளைக்காய்ச்சல் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்கள் பெருகும் நெல்வயல்களில் வேப்பம்பிண்ணாக்கும் வேம்பு பூசிய யூரியாவும் போட்டுப் பார்த்தார்கள். புழுக்கள் குறைந்தன. பாய்ச்சலும் காய்ச்சலுமாகத் தண்ணீரை வடித்து விட்டு விட்டுப் பாய்ச்சிய வயல்களில் வேம்பும் சேர்ந்தபோது நன்றாகவே குறைந்தன. அங்கே நெல் விளைச்சலும் கூடியது. வேம்பு வென்ற அந்தக் களத்தில் பாதி வேலையைச் செய்தது வடித்துவிட்ட தண்ணீர்.

இப்போது உங்கள் கேட்டுக்கு உள்ளே வருவோம்.

ஊரில் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். டிரம்மைத் திறக்கிறார்கள், பிரிட்ஜின் பின்தட்டைப் பார்க்கிறார்கள், சுவரில் தேதி போடுகிறார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதற்குப் பசி அதிகம். அந்த நேரத்தில் நம் வட்டாரத்து ஆண்களும் பெண்களும் எங்கே இருக்கிறார்கள்? முதல் ஷிஃப்ட் தொடங்குகிற இடத்திலும் பஸ் ஏறுகிற இடத்திலும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் சுற்றுகிற கொசு அது. உங்கள் வளாகத்தில் ஒருவரைக் கடித்தால், அனேகமாக உங்கள் வளாகத்திலேயே பிறந்தது. வீட்டில் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் அது தீராது.

நான் பணியில் இருந்தபோது ஓர் ஆலையில், பெயர் வேண்டாம், காவலாளி எங்களை அரை மணி நேரம் நிற்க வைத்தார். பிறகு மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "எங்களுக்கு பெஸ்ட் கன்ட்ரோல் கான்ட்ராக்ட் இருக்கு" என்று சொல்லி ஒரு ஃபைலைக் காட்டினார். ஃபைலில் எலி, கரப்பான், பல்லி எல்லாம் இருந்தன. கேண்டீனுக்கும் அலுவலகத்துக்கும் போட்ட ஒப்பந்தம் அது. பின்பக்கம் குவிந்து கிடந்த டயர்களை அந்த ஒப்பந்தம் எட்டிப் பார்க்கவில்லை.

டயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய டயரை உருக்கி எண்ணெய் எடுக்கும் பைரோலிசிஸ் ஆலைகள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. புகையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். திறந்த வெளியில் மலையாகக் கிடக்கும் டயரைப் பற்றிப் பேச்சே இல்லை. மழைக்கு நான்கு நாள் கழித்து ஒரு டயரை நிமிர்த்தாமல், டார்ச்சை அதன் உள்வளைவில் அடித்துப் பாருங்கள். கறுத்த தண்ணீர், இரண்டு இலை, கொஞ்சம் சேறு. வேறு ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும். டார்ச்சுக்கு முன்னால் கையை ஒரு தரம் குறுக்கே ஆட்டுங்கள். நிழல் பட்டதும் மேலே தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் எல்லாம் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கும். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால், மூச்சுக்கு ஒவ்வொன்றாக மேலே வந்து வாலைத் தண்ணீர் மட்டத்தில் ஒட்டித் தொங்கும். தண்ணீர் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, ரப்பர் சுவரில் கரும்புள்ளிகளாக ஒட்டியிருப்பவை முட்டைகள். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அடுத்த மழை அவற்றைத் தொட்டால் பொரிக்கும். 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆசியப் புலிக் கொசு குடியேறியிருப்பதைக் கண்டுபிடித்தபோது, அது ஆசியாவிலிருந்து இறக்குமதியான பழைய டயர்களில் கப்பலேறி வந்ததாகத்தான் முடிவு கட்டினார்கள். கடல் கடந்தே போகிற முட்டைக்குச் சென்னையிலிருந்து லாரியில் கும்மிடிப்பூண்டி வருவது ஒரு பயணமா?

டயர் இல்லாத ஆலைகள் நிம்மதிப்பட வேண்டாம். எடைமேடைக் குழி, ஏ.சி. தண்ணீர் விழும் தட்டு, உருக்காலை முற்றத்தில் குவிந்த இரும்புக் கழிவு, லாரித் தார்ப்பாயின் மடிப்பு, இரண்டு ஷெட்டுகள் சேரும் இடத்தில் குப்பை அடைத்த தகரக் கால்வாய், ஒப்பந்தத் தொழிலாளர் தங்கும் அறைக்குப் பின்னால் மூடியில்லாத 200 லிட்டர் டிரம் என்று எல்லாமே தொட்டில்தான். அந்த டிரம்மை வைத்துக்கொண்டு ஒடிசா, பீகார் தம்பிகளைக் குறை சொல்லாதீர்கள். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவன் பிடித்துத்தான் வைப்பான். மூடியுள்ள தொட்டி கொடுக்க வேண்டியது தங்க வைத்தவர் பொறுப்பு. அவர்களில் யாருக்காவது ஊரிலிருந்து வரும்போதே உடம்பில் மலேரியாக் கிருமி இருந்து, உங்கள் மேல்நிலைத் தொட்டியில் அனாபெலிஸ் ஸ்டீபன்சி பிறந்துகொண்டிருந்தால், நோய் உள்ளூரில் பரவத் தேவையான இரண்டும் ஒரே வளாகத்தில் கூடிவிடும். புதிதாக வரும் தொழிலாளிக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே இரத்தத் தடவல் எடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். சம்பளம் பிடிக்காமல் அனுப்புங்கள்.

இது நமக்குப் புதிய பாடமும் இல்லை. எண்ணூரிலிருந்து நெல்லூர் வரையிலான கடலோர மலேரியாவை ராக்பெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸல் ஆராய்ந்து 1939-ல் எழுதியிருக்கிறார். சவுக்குத் தோப்புகளுக்குத் தண்ணீர் எடுக்க மணலில் தோண்டிய ஆழமற்ற குழிகள் அந்தக் காலத்துக் கொசுத் தொட்டில்கள். பிழைப்புக்காக மனிதன் தோண்டிய பள்ளத்தில்தான் அன்றும் கொசு பிறந்தது. அதே 1939-ல்தான் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டமும் வந்தது. கொசு ஒழிப்புக்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. இன்றும் நடைமுறையில் இருக்கிறது, ஆலைகளுக்கும் பொருந்தும். 2017-ல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு கண்டு 65 பேர் இறந்தபோதுதான் பலர் அந்தச் சட்டத்தின் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

சரி, அந்த நானோ பாட்டில்? 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பரிதாபாத்தில் உள்ள மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுக் குழுவிடம் பதிவு பெறாமல் எந்தப் பூச்சிக்கொல்லியையும் தயாரித்து விற்க முடியாது. மூலிகை என்றாலும் விலக்கு இல்லை; வேம்பின் அசாடிராக்டினும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பாட்டிலில் பதிவு எண் இருக்கிறதா, கொசுப்புழுவுக்கென்று பதிவானதா, இல்லை செடிக்கு அடிக்கப் பதிவான சரக்கைக் கொசுவுக்கு விற்கிறார்களா என்று பாருங்கள். பருத்திக்குப் பதிவான வேம்பு மருந்தைக் குடிதண்ணீர்த் தொட்டியில் ஊற்றுவது சி.எஸ்.ஆர். ஆகாது. இன்றைக்கே உயிரியல் மருந்து வேண்டுமென்றால் பி.டி.ஐ. இருக்கிறது. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்த பாக்டீரியா அது. 1975-ல் தொடங்கிய புதுச்சேரி நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அதில் தனக்கென்று ஒரு வகையைப் பிரித்தெடுத்து, சோதித்து, உற்பத்தி உரிமத்தை நிறுவனங்களுக்குக் கொடுத்தது. ஆய்வகம், சிறு களம், பெருங்களம் என்று படிப்படியாக ஏறி வந்த சரக்கு. எண்ணெய்த் துளியும் அந்தப் படிகளை ஏறித்தான் வர வேண்டும்.

ஏற முடியாமல் அது நிற்பதற்கு ஒரு காரணம், என் கணக்கில், நீங்கள்தான். கோபிக்க வேண்டாம். ஆய்வகத்தில் துளியைச் சின்னதாக்கும் ஆட்கள் வேலூரிலும் மற்ற ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்காதது நிஜமான அழுக்குத் தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறிய கதை ஊரறிந்தது. அப்படிப்பட்ட உப்புத் தண்ணீரில் இந்தத் துளிகள் எத்தனை நாள் பிரியாமல் நிற்கும்? துரு மிதக்கும் எடைமேடைக் குழியில்? மே மாத வெயிலில் கொதிக்கும் டயருக்குள்? தட்டான் புழுவுக்கும் மீன் குஞ்சுக்கும் என்ன ஆகும்? இதையெல்லாம் சோதிக்க வேண்டிய தொட்டிகள் உங்கள் சுவருக்குள்தான் இருக்கின்றன. எண்ணிக்கையும் இருக்கிறது, விதவிதமாகவும் இருக்கிறது. பாட்டில் வாங்க ஒதுக்கிய பணத்தில், புதுச்சேரி மையமோ ஒரு பல்கலைக்கழகமோ முறையான அனுமதியோடு ஒரு பருவமழைக் காலம் முழுக்கச் சோதனை நடத்த இடமும், உள்ளே வர அனுமதிச் சீட்டும், ஒரு சின்ன அறையும் கொடுங்கள். முடிவு வேம்புக்கு எதிராக வந்தாலும் வெளியிட விடுங்கள்.

அதுவரைக்கும் செய்ய வேண்டியதற்கு விஞ்ஞானி தேவையில்லை. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு முறை கவிழ்த்துவிட்டால் ஒன்றும் பறக்காது. டயருக்குக் கூரை போடுங்கள். முடியாதவர்கள் தார்ப்பாயையாவது மடிப்பில் தண்ணீர் நிற்காதபடி இழுத்துக் கட்டுங்கள். கவிழ்க்க முடியாத பெரிய தொட்டிக்கு மட்டும் மருந்து, அதுவும் பதிவு பெற்றது. இதைச் செய்யும் ஆளைப் பாதுகாப்பு அலுவலரின் பட்டியலில் பெயர் எழுதி வையுங்கள். பொதுவாகச் சொன்ன வேலையை ஒருவரும் செய்யமாட்டார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை எந்த நாளும் தொடங்கலாம். செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள்: "வாரம் ஒரு நாள் எங்கள் வளாகத்துக்கு ஆள் அனுப்புங்கள், பின்பக்க முற்றம் உட்பட எல்லா இடத்தையும் காட்டுகிறோம்." அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கேட்டில் நிற்கும் காவலாளியிடமும் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்,
பொன்னேரி.